பணியாளர் உதவித் திட்டம் (இஏபி): பணியாளர்களும் நிறுவனங்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலையில் சேரும் நாளில் தரும் ஃபைலில், மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் லீவு விதிகளுக்கும் நடுவே, இலவச எண் அச்சிட்ட ஒரு சின்ன அட்டை இருக்கும். பலர் அதை மறுபடி எடுத்துப் பார்ப்பதே இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், அழைத்தால் என்ன நடக்கும், எங்கே கோளாறு வரும் என்பதையெல்லாம் இங்கே சொல்கிறோம். இந்தியாவின் சட்டங்களையும் தமிழ்நாட்டில் கிடைக்கும் வசதிகளையும் வைத்துத்தான் பதில்கள்.

இஏபி என்றால் என்ன?

எம்ப்ளாயி அசிஸ்டன்ஸ் புரோகிராம் என்பதைத்தான் சுருக்கி இஏபி என்கிறோம். செலவை நிறுவனம் ஏற்கிறது. பணியாளரும், பெரும்பாலும் அவர் வீட்டாரும், ரகசியமாகவும் இலவசமாகவும் சில அமர்வுகள் ஆலோசனை பெறலாம். ஆலோசனை தருபவர்கள் வழக்கமாக வெளியே இருக்கும் ஒரு சேவை நிறுவனத்தின் ஆட்கள்.

மனநோய் இருந்தால்தான் அழைக்கலாம் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் ஏராளம். அப்படி எந்த நிபந்தனையும் கிடையாது. கடன் நெருக்கடி, விவாகரத்து வழக்கு, படுக்கையில் இருக்கும் அம்மாவை யார் பார்ப்பது என்ற தவிப்பு, நைட் ஷிப்டால் கெட்ட தூக்கம், டீம் லீடரோடு தீராத உரசல் என எதற்கும் அழைக்கலாம். சில ஒப்பந்தங்களில் ஒரு வழக்கறிஞரிடமோ நிதி ஆலோசகரிடமோ அரை மணி நேரம் பேசும் வசதியும் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இந்த ஏற்பாடு தொடங்கியது குடிப்பழக்கத்தை வைத்துத்தான். அமெரிக்காவில் 1940களில் டூபான்ட், ஈஸ்ட்மன் கோடாக் போன்ற நிறுவனங்கள் குடியால் வேலை கெட்டவர்களை உடனே நீக்காமல் சிகிச்சைக்கு அனுப்பிப் பார்த்தன. 1970களுக்குப் பிறகு குடும்பம், பணம், மனஅழுத்தம் என்று எல்லைகள் விரிந்தன.

நான் பேசியது எச்.ஆருக்குத் தெரியுமா?

தெரியக் கூடாது. ஒழுங்காக எழுதிய ஒப்பந்தத்தில் உங்கள் பெயர், பணியாளர் எண், பேசிய விஷயம் எதையும் நிறுவனத்திடம் கொடுக்க முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23ஆம் பிரிவும் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சட்டத்தின்படி மனநல வல்லுநர் என்பவர் மனநல மருத்துவராகவோ, மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் போன்றவராகவோ இருக்க வேண்டும். இஏபியில் போனை எடுக்கும் ஆலோசகர் இந்த வரையறைக்குள் வராமலே இருக்கலாம். அதனால்தான் ரகசியம் பற்றிய வாசகம் நிறுவனம் போடும் ஒப்பந்தத்திலும் தெளிவாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

நடைமுறையில் ஆலோசகர் வாயைத் திறந்து ரகசியம் வெளியே போவது அரிது. அது கசிவது வேறு வழிகளில். அமர்வுக்கான அழைப்பு ஆபீஸ் மெயிலுக்கு வந்து, டீமில் எல்லோரும் பார்க்கும் காலண்டரில் ‘கவுன்சிலிங், மாலை 4’ என்று நிற்கும். ஆபீஸ் லேப்டாப்பில் பேசிய சாட் அங்கேயே பதிவாகிக் கிடக்கும். எச்.ஆர். அறைக்குப் பக்கத்து அறையைக் கவுன்சிலிங்குக்கு ஒதுக்கியிருப்பார்கள், போய் வருபவரை அந்த மாடியே பார்க்கும். சேவை நிறுவனம் அனுப்பும் பில்லில் அமர்வு வாரியாகப் பணியாளர் எண் போட்டிருக்கும், அது அக்கவுண்ட்ஸ் பிரிவில் நாலு பேர் கையில் போகும்.

எனவே சொந்த போன், சொந்த மெயில், வீட்டில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் ஆகிய மூன்றையும் முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வீட்டில் தனிமை கிடைக்காதவர்கள் காரை ஓரமாக நிறுத்தி உள்ளே உட்கார்ந்து பேசுகிறார்கள், மொட்டை மாடியில் பேசுகிறார்கள். இரண்டும் நல்ல வழிகளே.

ரகசியத்துக்கு விதிவிலக்கே இல்லையா?

உண்டு. அவற்றை ஆலோசகர் முதல் அமர்வின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருப்பது ஒன்று. நீதிமன்ற உத்தரவு இன்னொன்று. 18 வயதுக்குக் கீழான குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரியவந்தால், போக்சோ சட்டம் 2012-இன் 19ஆம் பிரிவின்படி யாராக இருந்தாலும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும், ஆலோசகருக்கும் இதில் விலக்கு இல்லை. இவை எதையும் சொல்லாமல் நேரடியாகப் பேச ஆரம்பித்தால், நீங்களே நிறுத்தி “எதெல்லாம் வெளியே போகும்?” என்று கேளுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றாலும் ஆலோசகர் முதலில் கூப்பிட வேண்டியது நீங்கள் ஏற்கெனவே கொடுத்த அவசரத் தொடர்பு ஆளை, அல்லது ஆம்புலன்ஸை. உங்கள் மேனேஜரை அல்ல. தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் கேஸில் மாட்டிவிடுவார்கள் என்ற பயத்தாலும் பலர் வாய் திறப்பதில்லை. 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு அப்படி முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

நிறுவனத்துக்கு மாதா மாதம் ரிப்போர்ட் போகிறதே?

எத்தனை பேர் அழைத்தார்கள், எந்த வகைப் பிரச்சினை, ஆணா பெண்ணா, எந்த ஊர் என்ற தொகுப்புக் கணக்கு போகும். தொகுப்புதானே என்று அலட்சியமாக விட்டுவிடக் கூடாது. ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்வோம்: ‘கோவை கிளை, பெண், வயது 40–45, மணவாழ்க்கைப் பிரச்சினை, எண்ணிக்கை 1’. அந்தக் கிளையில் வேலை பார்ப்பதே பதினான்கு பேர், அவர்களில் அந்த வயதுப் பெண் ஒருவர்தான் என்றால், பெயர் போடாமலேயே பெயர் போட்ட மாதிரி ஆகிவிட்டது. படிக்கிற எச்.ஆர். நல்லவராகவே இருக்கலாம். ஆனால் படித்ததை அவரால் மறக்க முடியாது.

இதற்கு ஒப்பந்தத்திலேயே வழி வைக்கலாம். எந்தப் பிரிவிலும் எண்ணிக்கை 10-க்குக் கீழே இருந்தால் அதைத் தனியாகக் காட்டாமல் பெரிய தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும். 200 பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்கு மாத ரிப்போர்ட்டே வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும் என்பது எங்கள் கருத்து.

அழைத்தால் முதலில் என்ன நடக்கும்?

எடுப்பவர் பதிவு செய்பவராகவோ ஆலோசகராகவோ இருப்பார். எந்த நிறுவனம், எந்த மொழி, ஆண் ஆலோசகரா பெண் ஆலோசகரா, எப்போது பேச வசதி என்று கேட்பார். தமிழில்தான் பேச வேண்டும் என்றால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் வேலை பார்ப்பவர்கூடத் தன் துக்கத்தைத் தமிழில்தான் சொல்ல முடியும். நிறுவனத்தின் பெயர் கேட்பது தகுதியைச் சரிபார்க்க. பணியாளர் எண்ணும் கேட்டால், அதை எங்கே பதிவு செய்வீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்து ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பல இடங்களில் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள் அவை. மொத்தம் 27 மதிப்பெண், 10-ஓ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று கூர்ந்து பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்கும். இதைக் கண்டு பயந்து பூஜ்யம் போடுகிறவர்கள் உண்டு. உண்மையைப் போடுங்கள். அதில் ஏதாவது வந்தால் உங்கள் அழைப்பு வரிசையில் காத்திருக்காது.

முழு அமர்வு வழக்கமாக 45 முதல் 50 நிமிடம். உங்களுக்கும் அந்த ஆலோசகருக்கும் ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். அது தினமும் வருகிற கோரிக்கைதான், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எத்தனை அமர்வு கிடைக்கும்? அது போதுமா?

மூன்றிலிருந்து எட்டு வரை என்பது பொது வழக்கம். எண்ணிக்கையைவிட அதை எப்படி எண்ணுகிறார்கள் என்பது முக்கியம். ‘ஆண்டுக்கு ஐந்து’ என்றால் ஜனவரியில் அப்பா இறந்த துக்கத்துக்கு ஐந்தையும் செலவழித்தவருக்கு ஆகஸ்டில் வேலை போகும் நிலை வந்தால் ஒன்றுமில்லை. ‘ஒரு பிரச்சினைக்கு ஐந்து’ என்றால் புதிதாக ஐந்து கிடைக்கும்.

ஒரு முடிவெடுக்க, ஒரு நெருக்கடியைக் கடக்க, தூக்கத்தைச் சரிசெய்ய இவ்வளவு அமர்வுகள் பலருக்குப் போதும். பல ஆண்டு மனச்சோர்வு, சிறு வயதுக் கொடுமைகள், இருதுருவ மனநிலை (பைபோலார்), உணவு சார்ந்த நோய்கள் போன்றவற்றுக்குப் போதாது. அங்கே இஏபியின் வேலை சரியான இடத்துக்குக் கைமாற்றிவிடுவதுதான். நல்ல ஆலோசகர் இதை இரண்டாவது அமர்வுக்குள் சொல்லிவிடுவார். ஐந்தாவது அமர்வின் கடைசி நிமிடத்தில் “இனி நீங்கள் வெளியே பாருங்கள்” என்று சொல்வதுதான் இந்தத் துறையில் நடக்கும் மோசமான தவறு. அந்த மனிதர் மனதைத் திறந்த நேரத்தில் கதவு மூடுகிறது, அதன் பிறகு அவர் வேறு யாரிடமும் போவதில்லை.

மனநல மருத்துவரிடம் அனுப்பினால் காப்பீடு கொடுக்குமா?

2017 சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு என்ன அடிப்படையோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் பெரும்பாலான குழுக் காப்பீடுகள் மருத்துவமனையில் தங்கினால்தான் பணம் தருகின்றன. மாதம் ஒரு முறை டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கும் செலவு, அதாவது மனநலச் சிகிச்சையில் பெரும்பகுதி, உங்கள் கையிலிருந்துதான் போகும். நிறுவனங்கள் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது வெளிநோயாளி செலவையும் சேர்க்க முடியுமா என்று பேச வேண்டும். முடியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் டாக்டரும் மருந்தும் இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல நிலையத்திலும் வெளிநோயாளிப் பிரிவு உண்டு.

குடிப்பழக்கத்துக்கு இஏபி உதவுமா?

உதவும், ஆனால் எச்சரிக்கையோடு. முதலில் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தால் அளந்து பார்ப்பார்கள். 40-க்கு 8-ஓ அதற்கு மேலோ வந்தால் ஆபத்தான குடி, 20-ஓ அதற்கு மேலோ வந்தால் அடிமைத்தனம் இருக்க வாய்ப்பு அதிகம். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, அதன் பிறகு குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். உயிரே போகலாம். அதனால் போனில் “நாளை முதல் நிறுத்திவிடுங்கள்” என்று சொல்லும் ஆலோசகர் தவறு செய்கிறார். முதலில் டாக்டர் பார்க்க வேண்டும், பிறகு கவுன்சிலிங்.

தொழிற்சாலைகளில் இன்னொரு தவறும் நடக்கிறது. லீவு நாள் முடிந்து வரும் ஷிப்டில் ஒருவர் கை நடுங்குவதைப் பார்த்து, திட்டி, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த நடுக்கம் குடித்ததால் வந்ததாக இல்லாமல், குடிக்காததால் வந்ததாகவும் இருக்கலாம். அவரை முதலில் அனுப்ப வேண்டியது ஆலையின் மருத்துவ அறைக்கு.

மேனேஜர் “கவுன்சிலிங் போ” என்று சொல்லலாமா?

பரிந்துரைக்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “உனக்கு டிப்ரெஷன் மாதிரி தெரியுது” என்று மேனேஜர் நோயைக் கணிக்கக் கூடாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்: “கடந்த மூணு வாரமா திங்கள்கிழமை மீட்டிங்குக்கு வரல. போன ரிலீஸ்ல நீங்க எப்பவும் விடாத தப்பு ரெண்டு இருந்துச்சு. ஏதாவது கஷ்டமா? என்கிட்ட சொல்லணும்னு இல்ல. இந்த நம்பர் இருக்கு, நீங்க கூப்பிட்டீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியவராது.” இவ்வளவு போதும். அடுத்த வாரம் “கூப்பிட்டீங்களா?” என்று கேட்கவே கூடாது.

எச்.ஆர். மூலமாக எழுத்தில் அனுப்பும் முறையான பரிந்துரை வேறு. அதில் அமர்வுக்கு வந்தாரா, வரவில்லையா என்பது மட்டும் நிறுவனத்துக்குப் போகும், அதுவும் பணியாளர் கையெழுத்திட்ட சம்மதம் இருந்தால்தான். அப்ரைசல் நேரத்திலோ ஒழுங்கு நடவடிக்கையின் நடுவிலோ இதைச் செய்தால் கவுன்சிலிங் தண்டனையாகவே தெரியும். ஒரே ஒருவருக்கு அப்படி நடந்தாலும் சேதி ஒரு மணி நேரத்தில் டீ கடைக்குப் போய்விடும், அப்புறம் அந்த எண்ணை யாரும் தொட மாட்டார்கள்.

பாலியல் தொல்லை என்றால் இஏபியிடம் சொன்னால் போதுமா?

போதாது. இஏபி மனதைத் தாங்கிப் பிடிக்கும், விசாரிக்க அதற்கு அதிகாரம் இல்லை. அங்கே சொன்னது புகாராகவும் ஆகாது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், போதிய காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். ஆலோசகர் இந்தக் கால வரம்பைச் சொல்லாமல் “முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்றே நாட்களை நகர்த்தினால், அந்தப் பெண்ணின் உரிமை அவருக்கே தெரியாமல் போய்விடும். இதை இஏபி நிறுவனங்களின் பயிற்சியில் கட்டாயம் வைக்க வேண்டும்.

வேலைப்பளுவே பிரச்சினை என்றால் கவுன்சிலிங் என்ன செய்யும்?

மிகச் சரியான கேள்வி. நான்கு பேர் வேலையை ஒருவர் செய்துகொண்டிருந்தால் மூச்சுப் பயிற்சி அவருக்கு ஐந்தாவது வேலையாகத்தான் ஆகும். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 46,000-க்கும் மேற்பட்ட பணியாளர்களின் பதில்களை ஆராய்ந்தது. மனஉறுதிப் பயிற்சி, நலவாழ்வு ஆப் போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருப்பதாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தந்த வழிகாட்டுதலும் வேலையின் அமைப்பை மாற்றுவதை முதலில் வைக்கிறது.

இஏபி இங்கே ஒரு வேலை செய்ய முடியும். ஒரே பிரிவிலிருந்து, ஒரே காரணத்துக்காக, ஒரே காலாண்டில் நிறைய அழைப்பு வந்தால் அந்தத் தகவலை யார் பெயரும் வெளிவராதபடி நிர்வாகத்திடம் கொண்டுபோகலாம். அதைக் கேட்டு ஷிப்டை மாற்றும், ஆள் எடுக்கும் நிர்வாகம் இருந்தால் திட்டத்துக்கு உயிர் இருக்கிறது. இல்லை என்றால் ஆலோசகர்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தொழிற்சாலையில், ஷிப்ட் ஆட்களுக்கு எப்படி நடத்துவது?

ஐ.டி. ஆபீஸுக்கு எழுதிய திட்டம் ஶ்ரீபெரும்புதூர் ஆலைக்கோ திருப்பூர் பின்னலாடை யூனிட்டுக்கோ அப்படியே பொருந்தாது. உள்ளே போகும்போது போனை வாங்கி வைக்கும் இடங்களில் ஆப் எதற்கு? ஹாஸ்டலில் ஓர் அறையில் பல பெண்கள் தங்கும்போது போனில் எங்கே தனியாகப் பேசுவது? அங்கே வாரத்தில் குறிப்பிட்ட நாளில் ஆலோசகர் நேரில் வர வேண்டும், அதுவும் ஷிப்ட் மாறும் நேரத்தில். போய்வரும் ஒரு மணி நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. எண்ணைக் கழிவறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும். தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் பேசும் ஆலோசகர் வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை வெளியே விட்டுவிடுவது மிகப் பெரிய குறை. ஒரே லைனில் நிற்கிறார்கள், ஒரே விபத்தைப் பார்க்கிறார்கள், எண் மட்டும் ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை. நல அலுவலரை ஆலோசகராக ஆக்குவதும் கூடாது. லீவுக்கும் தகராறுக்கும் அவரிடமே போக வேண்டியவர்கள் அவரிடம் மனம் திறக்க மாட்டார்கள்.

ஒப்பந்தம் போடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கட்டணம் இரண்டு வகை. தலைக்கு இவ்வளவு என்று நிலையாகக் கட்டினால், யாரும் அழைக்காவிட்டால் சேவை நிறுவனத்துக்கு லாபம். அமர்வுக்கு இவ்வளவு என்றால், யாரும் அழைக்காவிட்டால் உங்களுக்கு லாபம். இரண்டிலும் யாரோ ஒருவருக்கு மௌனம் லாபகரமானது. நிலைக் கட்டணத்தோடு, புதிய அழைப்புகள் ஒரு குறைந்தபட்சத்தைத் தொடாவிட்டால் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித்தரும் நிபந்தனையைச் சேர்ப்பது ஓரளவு சமன் செய்யும்.

பயன்பாட்டுக் கணக்கில் ஏமாறாதீர்கள். 2,000 பேர் உள்ள நிறுவனத்தில் ஆண்டுக்கு 60 பேர் புதிதாக ஆலோசனைக்கு வந்தால் அது 3 சதவீதம். அதோடு வெபினாரில் தலைகாட்டிய 400 பேரையும் சேர்த்து 23 சதவீதம் என்று ஸ்லைடில் காட்டுவார்கள். புதிய ஆலோசனைகளை மட்டும் தனியாகக் கேளுங்கள். ஆலோசகர்களின் படிப்பு, அவர்களில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்களா, மாதம் ஒரு முறையாவது மூத்தவர் ஒருவர் அவர்கள் வேலையைப் பார்வையிடுகிறாரா என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு இரவு 2 மணிக்கு நீங்களே அந்த எண்ணை அழைத்து, தமிழில் பேசிப் பாருங்கள். எத்தனை முறை மணி அடித்த பிறகு எடுக்கிறார்கள் என்பது எந்த ஸ்லைடிலும் இருக்காது.

பலனை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இந்தத் துறையில் உண்டு: வேலைக்கு வராத நேரம், வந்தும் மனம் ஒன்றாத நிலை, வேலையில் ஈடுபாடு, வாழ்க்கையில் நிறைவு, வேலையிடத்து மனஉளைச்சல். ஆலோசனைக்கு முன்னும் 90 நாள் கழித்தும் கேட்பார்கள். “சேவை திருப்தியா?” என்ற ஐந்து நட்சத்திரத்தைவிட இது எவ்வளவோ மேல்.

சக பணியாளர் இறந்துவிட்டால் இஏபி என்ன செய்ய வேண்டும்?

எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து நடந்ததைத் திரும்பச் சொல்லவைக்கும் கட்டாயக் கூட்டம் வேண்டாம். அது பலன் தருவதில்லை, சிலருக்குப் பாதிப்பைக் கூட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி: யாருக்கு உதவி தேவை என்று பார்ப்பது, பேச விரும்புபவரைக் கேட்பது, தேவையானதோடு இணைத்துவிடுவது. அவருடைய மேசையை அன்றைக்கே காலி செய்யாதீர்கள். அவர் மெயிலில் வரும் தானியங்கிப் பதிலை நிறுத்துங்கள். தற்கொலை என்றால் எப்படி நடந்தது என்ற விவரத்தை மெயிலில் எழுத வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரரையும் கடைசியாக அவரோடு பேசியவரையும் தனித்தனியாகக் கவனியுங்கள். இரண்டு வாரம் கழித்து ஆலோசகர் இன்னொரு முறை வரட்டும், அப்போதுதான் பலர் உடைவார்கள்.

எங்கள் நிறுவனத்தில் இஏபி இல்லை. என்ன செய்வது?

மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது. நாள் முழுக்க இயங்கும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தற்கொலை எண்ணம் இருந்தால், சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம். முப்பது பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம் இந்த எண்களைப் பேஸ்லிப்பின் கீழே அச்சிட்டு, பக்கத்திலுள்ள ஒரு மருத்துவ உளவியலாளரோடு அமர்வுக் கட்டண அடிப்படையில் ஏற்பாடு செய்துகொண்டாலே பெரிய விஷயம். பில்லில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் மட்டும் வரட்டும்.

வேலையை விட்டால் அமர்வுகள் நின்றுவிடுமா?

ஒப்பந்தத்தைப் பொறுத்தது. தொடங்கிய அமர்வுகளை முடிக்கவிடும் ஒப்பந்தங்கள் உண்டு, கடைசி வேலை நாளோடு வெட்டிவிடுபவையும் உண்டு. ஆட்குறைப்பு நடக்கும்போது இது மிக முக்கியம், ஏனென்றால் மனிதருக்கு அதிகம் தேவைப்படும் வாரத்திலேயே எண் செல்லாததாகிவிடுகிறது. நோட்டீஸ் கொடுத்ததும் ஆலோசகரிடம் இதைக் கேட்டு வையுங்கள். ஆபீஸ் மெயிலில் பதிவு செய்திருந்தால் கடைசி நாளுக்கு முன்பே சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள், அன்று மாலையே அந்த மெயில் அணைந்துவிடும். மீதி அமர்வுகளைப் பணம் கட்டித் தொடர விரும்பினால் அதே ஆலோசகரிடம் தொடர முடியுமா என்றும் கேளுங்கள். சில சேவை நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அப்படியானால் கடைசி அமர்வை அடுத்த ஆலோசகருக்கான குறிப்பு எழுத ஒதுக்கச் சொல்லி, அந்தக் குறிப்பின் பிரதியை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.